வாடகை தவணையை மிஞ்சியும் கடன் மறுக்கப்படுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். நான் மாதச் சம்பளக்காரன். கணக்கு எளிதாகப் புரிவதற்காக என் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். குடியிருக்கும் வீட்டுக்குத் தவணையாக 30 போகிறது. வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு 16 கட்டி, 20 வாங்குகிறேன். இப்போது பார்த்திருக்கும் வீட்டுக்கு வாடகை 24 வரும், தவணை 20 ஆகும். விலையில் ஐந்தில் ஒரு பங்கு என் கையில் இருக்கிறது. இதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இருந்தும், தவணைச் சுமை அதிகம் என்று சொல்லி வங்கி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. வாடகை வீடுகள் இரண்டும் தம் தவணையைத் தாமே கட்டிக்கொள்ளும்போது சுமை எங்கிருந்து வந்தது?

மறுமொழி 1:
நீங்கள் பார்க்கும் வாடகை வேறு, வங்கி பார்க்கும் வாடகை வேறு. வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களையும் பழுதுபார்ப்புச் செலவையும் முன்னிட்டு வாடகையில் கால்பங்கைக் கழித்துவிட்டு, மீதியை மட்டும் ஏற்பது கடன் கொடுப்பவர்களிடையே பரவலான வழக்கம். அப்படிப் பார்த்தால் உங்கள் 20 என்பது 15 ஆகிறது, 24 என்பது 18 ஆகிறது. ஒரு வீட்டில் 1, மற்றதில் 2 துண்டு விழுகிறது.

இதற்கு மேல் எந்த முறையில் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. துண்டு விழும் தொகையை மட்டும் சுமையில் சேர்ப்பவரிடம் உங்கள் சுமை சம்பளத்தில் 33 விழுக்காடு. ஏற்ற வாடகையை வருமானத்தோடு கூட்டி, எல்லாத் தவணைகளையும் எதிரே வைப்பவரிடம் 133-க்கு 66, அதாவது ஏறத்தாழ 50 விழுக்காடு. முதல் முறையிலேயே கணக்கிட்டாலும், புதிய வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் இல்லை என்று அந்த வாடகையை அடியோடு விட்டுவிடுபவரிடம் 51 விழுக்காடு. சிலர் இன்றைய வட்டியை விடக் கூடுதலான வட்டியில் தவணையைப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. ஆகவே, எந்த முறையில் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டறியாமல் அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள். அடுத்தடுத்து விண்ணப்பிப்பது கடன் மதிப்பெண்ணையும் சற்றுக் குறைக்கலாம்.

மறுமொழி 2:
சம்பளத்தை விட்டுவிட்டு, சொத்தின் வருமானத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் கடனும் சில நாடுகளில் உண்டு. அதை எளிய வழி என்று எண்ணிவிட வேண்டாம். வரி, காப்பீடு, பராமரிப்பு, காலி மாதங்கள் எல்லாம் போக நிகர வருமானம் தவணையைப் போல 1.25 மடங்கு இருக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். உங்கள் 24-இல் செலவு 6 என்று கொண்டால் நிற்பது 18. அது 20 தவணைக்கு 0.9 மடங்குதான். 1.25-ஐ எட்ட, தவணை 14.4-க்கு இறங்க வேண்டும். அதே வட்டியிலும் காலத்திலும் அப்படி இறங்க வேண்டுமானால், உங்கள் கைப்பணம் விலையில் 20 விழுக்காடு போதாது, ஏறக்குறைய 42 விழுக்காடு வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால், கடனைவிட அந்த வீட்டின் விலையில்தான் எனக்குச் சந்தேகம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வாடகை வீட்டில் குடியிருப்பவருடன் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் வாடகையை ரொக்கமாகவே வாங்கி வந்தேன். தம்பியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இவையும் பாதிக்குமா?

மறுமொழி 3:
இரண்டுமே பாதிக்கும். ஒப்பந்தம் இருந்தாலும், வங்கிக் கணக்கிலும் வருமான வரிக் கணக்கிலும் தெரியாத வாடகையைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். இனிமேலாவது கணக்கு வழியாகவே வாங்குங்கள். தம்பி ஒழுங்காகக் கட்டினாலும், அந்தத் தவணையை உங்கள் தலையிலும் எழுதக்கூடும். அவர் தம் கணக்கிலிருந்தே கட்டி வருவதற்கான சான்றைக் காட்டினால் சிலர் விலக்கு அளிப்பார்கள். கைப்பணம் முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். வீடு வாங்கிய பிறகு சில மாதத் தவணைக்கு ஈடான தொகை கணக்கில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள், கூடுதல் வாடகை வீடு வைத்திருப்பவரிடம் இதைக் கண்டிப்பாகவே கேட்பார்கள்.