கேக் நடுவில் வேகவில்லை, அவசரம்!

கார்த்திகைப்பூ (இரவு 9.12)
இந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் தணிக்கை. எதையாவது கலக்கிக் கிளறினால் மனம் ஆறும் என்று, வீட்டில் கிடந்த பேரீச்சை, முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாவற்றையும் போட்டு ஒரு கேக் வைத்தேன். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மேலே வெளுத்துப் பிசுபிசுவென்று இருக்கிறது, நடுவில் குழி, பழமெல்லாம் அடியில். சோப்பு வாடை வேறு. உடனே சொல்லுங்கள்.

நெல்லை மருமகள்
ஓவனா, குக்கரா? முட்டை உண்டா? மைதா எத்தனை கப்? எதையும் சொல்லாமல் உடனே என்றால்?

அடுப்படி அண்ணாச்சி
பழத்தை மாவில் புரட்டாமல் போட்டிருப்பீர்கள். இதை இருபது முறையாவது எழுதியிருப்பேன். பழைய இழைகளைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கேக் செய்ய ஏன் இறங்குகிறார்களோ! தராசு இல்லாத வீட்டில் கேக் கிடையாது.

முட்டையில்லா முத்து
மாவில் புரட்டினாலும், கலவை நீர்த்திருந்தால் பழம் அடிக்குத்தான் போகும் அண்ணாச்சி. சோப்பு வாடைக்குக் காரணம் சமையல் சோடா, சந்தேகமே இல்லை. தயிரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தீர்களா? புளிப்பு இல்லாவிட்டால் சோடா அப்படியே தங்கிவிடும்.

கார்த்திகைப்பூ (9.31)
சோடாதான், ஒரு டீஸ்பூன். பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டது. மைதா ஒன்றரை கப், முட்டை இரண்டு, பால் கண்ணளவு. குக்கர்.

முட்டையில்லா முத்து
ஒரு டீஸ்பூனா! கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல் போதுமே. பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு வேகம் அதற்கு.

பருத்தித்துறையான்
முந்திரி வற்றலை ஊற வைக்கவில்லையா? எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்குக் கிழமைக் கணக்கில் பிராந்தியில் ஊறும். மைதாவும் இல்லை, வறுத்த றவைதான். ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்.

அடுப்படி அண்ணாச்சி
முந்திரியைப் பிராந்தியில் ஊற வைப்பதா? நமுத்துப் போகும். அடிப்படையே தெரியவில்லை.

பருத்தித்துறையான்
ஐயா, முந்திரி வற்றல் என்றால் உங்கள் உலர்திராட்சை. நீங்கள் சொல்லும் முந்திரி எங்களுக்குக் கஜு.

அடுப்படி அண்ணாச்சி
திராட்சையைத் திராட்சை என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மேலும் அது ரவை, றவை அல்ல.

பருத்தித்துறையான்
உங்கள் எழுத்தில் கிண்டினால்தான் வேகுமோ?

வடகரை வாசகி
பிராந்தி இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. 1883-இல் கேரளத்துத் தலச்சேரியில் ரொட்டிக்கடை வைத்திருந்த மாம்பள்ளி பாபு கிறிஸ்துமஸ் கேக் செய்தபோது, பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கைத்தான் ஊற்றினார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். (இது கஜு மரத்து முந்திரி. சண்டை வேண்டாம்.)

நெல்லை மருமகள்
எல்லாரும் வரலாறு பேசுங்கள். ஏனம்மா, குக்கருக்குள் அடியில் என்ன போட்டீர்கள், உப்பா மணலா? கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றினீர்களா?

கார்த்திகைப்பூ (10.05)
தண்ணீர்தான், இரண்டு டம்ளர். இட்லிக்கு வைப்பதுபோல. வெயிட் போட்டு மூடினேன். ஏன்?

நெல்லை மருமகள்
கேக்கை இட்லியாக்கிவிட்டீர்களே! ஆவியில் வெந்தது எப்படிச் சிவக்கும்? அடுத்த முறை ஒரு கப் உப்பை அடியில் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் பத்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு பாத்திரத்தை இறக்கிச் சிறு தீயில் ஐம்பது நிமிடம். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. இன்றைக்கு வெந்த பகுதியைத் துண்டு போட்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க விடுங்கள். நடுவில் மாவாக இருப்பதை எறிந்துவிடுங்கள், பச்சை முட்டை.

முட்டையில்லா முத்து
இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் புட்டிங்கை மணிக்கணக்கில் ஆவியில்தான் வேக வைக்கிறார்கள். புட்டிங் என்று சொல்லிப் பரிமாறுங்கள்.

அடுப்படி அண்ணாச்சி
புட்டிங் வேறு, கேக் வேறு. மாவில் புரட்டியிருந்தால் இவ்வளவு பேச்சே வந்திருக்காது.

கார்த்திகைப்பூ (மறுநாள் காலை 7.50)
தோசைக்கல் கைகொடுத்தது. சோப்பு வாடை போகவில்லை. ஆனாலும் அப்பா நான்கு துண்டு தின்றார். தணிக்கைக்குக் கிளம்புகிறேன், நன்றி.

பருத்தித்துறையான்
எந்த முந்திரி போட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.