வார்ஃபரின் சாப்பிடுற அம்மாவுக்கு ஈறுல ரத்தம், லப்பெட்டுனாலயா?

ரங்கூன் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவுக்கு இருதயத்துல உலோக வால்வு வச்சு நாலு வருஷம் ஆச்சு, ரத்தம் உறையாம இருக்க தெனமும் ராத்திரி வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறாங்க, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் டெஸ்ட் 2.5லேர்ந்து 3.5க்குள்ள இருக்கணும்னு சயா (டாக்டர்) சொல்லியிருக்காரு, இதுவரைக்கும் பெரிய தொந்தரவு எதுவும் இல்ல. இப்ப மூணு நாளா பல்லு வெளக்குனா ஈறுல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது, எங்கயும் இடிச்சுக்காமலே கையில தொடையில நீலநீலமா கன்னிப்போயிருக்கு. பக்கத்து வீட்டுல லப்பெட் (ஊறவச்ச டீ இலை) வார்ஃபரினுக்கு ஆகாது, புளிச்சகீரையும் ஆகாதுங்குறாங்க. அம்மாவுக்கு சாயங்காலம் லப்பெட் இல்லாம முடியாது, சின்ன வயசுலேர்ந்து பழக்கம். எதையெல்லாம் நிறுத்தணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மோல்மீன் அக்கா:
தம்பி, எங்க மாமியாரும் இந்த மாத்திரைதான் சாப்பிட்டாங்க, கீரை, முட்டைகோஸ், லப்பெட் எல்லாத்தையும் ஒரேயடியா நிறுத்திட்டோம். நீயும் இன்னைக்கே நிறுத்திடுப்பா.

மருந்துக்கடை அண்ணன்:
அக்கா மன்னிச்சுக்குங்க, இத உடனே சொல்லியாகணும். கீரையில இருக்குற வைட்டமின் கே வார்ஃபரினோட வேலைய குறைக்கும், அதாவது கீரை கூடுனா ரத்தம் உறையும், ஒழுகாது. இப்ப அம்மாவுக்கு நடக்குறது நேரெதிர். இந்த நேரத்துல கீரைய திடீர்னு நிறுத்துனா மருந்து இன்னும் கூடுதலா பிடிக்கும், ரத்தம் இன்னும் ஒழுகும். டீத்தண்ணியில வைட்டமின் கே ரொம்ப கொஞ்சம்தான் எறங்கும், லப்பெட்டுல இலையையே திங்கிறோம்ங்குறது உண்மைதான், ஆனா தெனம் ஒரே அளவா தின்னா அதுக்கேத்தாப்புலதான் டோஸ் ஏற்கனவே வச்சிருப்பாங்க.
தம்பி, போன பத்து நாளுல அம்மா புதுசா ஏதாவது மாத்திரை போட்டாங்களா? பர்மா மருந்து, வலி மாத்திரை, எதா இருந்தாலும் சொல்லு.

ரங்கூன் பையன்:
ஆமாண்ணே, பல்லு வலின்னு தெருமுனை கடையில கலந்து கட்டிக் குடுத்த பொட்டலம் வாங்குனாங்க, வேளைக்கு நாலு மாத்திரை, அஞ்சு நாள். பொட்டலத்துல பேரே இல்ல. இப்ப ஓடிப்போய் கேட்டேன், மெட்ரோனிடசோல், அமாக்சிசிலின்னு ரெண்டு ஆன்டிபயாடிக், டைக்ளோஃபெனாக்னு வலி மாத்திரை, இன்னொன்னு வைட்டமினாம். பல்லுக்குத்தானேன்னு நாங்க யாரும் யோசிக்கல.

மருந்துக்கடை அண்ணன்:
நான் நெனச்சது அதுதான். வார்ஃபரின உடம்புலேர்ந்து கழிக்குறது ஈரல், மெட்ரோனிடசோல் அந்த வேலைய தடுத்துடும், அதனால அம்மா அதே டோஸ் சாப்பிட்டாலும் உள்ள மருந்து சேந்துக்கிட்டே போகும். டைக்ளோஃபெனாக் வயித்துச் சுவரையும் புண்ணாக்கும், ரத்தத்த உறைய வைக்குற தட்டணுக்கள் ஒட்டிக்குறதையும் கெடுக்கும். அமாக்சிசிலினும் சில பேருக்கு ஐஎன்ஆர ஏத்தும். மூணும் ஒரே பொட்டலத்துல.
பொட்டலத்துல மிச்சம் இருந்தா போடாதீங்க. இன்னைக்கே கூட்டிட்டுப்போய் ஐஎன்ஆர் பாருங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. வார்ஃபரின நிறுத்துறதா குறைக்குறதான்னு நீங்களா முடிவு பண்ணக்கூடாது, உலோக வால்வுல ரத்தம் உறைஞ்சா அதுவும் உயிருக்கு ஆபத்து, சயாதான் சொல்லணும். மலம் கருப்பா போனா, கடுமையா தலை வலிச்சா, வாந்தியில ரத்தம் வந்தா ஒரு நிமிஷமும் காத்திருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க.

பெகு வாத்தியார்:
எங்கப்பாவுக்கு இதுக்கு நேர்மாறா நடந்துச்சு, பயன்படும்னு எழுதுறேன். வார்ஃபரின் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவருக்கு டிபி வந்து ஆறு மாச மாத்திரை குடுத்தாங்க. அதுல இருக்குற ரிஃபாம்பிசின் ஈரல வேகமா வேலை செய்ய வச்சு வார்ஃபரின சீக்கிரம் கழிச்சிடும், அதனால டோஸ ஏத்திக்கிட்டே போனாங்க. ஒன்னுக்கு செவப்பா போகுதேன்னு ரத்தம்னு பயந்தோம், அது மாத்திரையோட நிறம்தான். உண்மையான ஆபத்து டிபி மருந்து முடிஞ்ச பெறகு வந்துச்சு, ஏத்துன டோஸ எறக்க யாருக்கும் தோணல, மூணாவது வாரம் மூக்குல ரத்தம் கொட்டுச்சு. புது மருந்து ஆரம்பிக்கும்போது மட்டுமில்ல, ஒரு மருந்து முடியும்போதும் சொல்லி டெஸ்ட் பாக்கணும்.
இன்னொன்னு, கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுறவங்க பம்பளிமாஸ் பத்தி டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. அதோட இனமான கிரேப்ஃப்ரூட் மாத்திரையோட சேந்தா என்ன பண்ணும்னு 1989லதான் தற்செயலா தெரிய வந்துச்சு, கனடாவுல ஒரு பரிசோதனையில மதுவோட ருசி தெரியக்கூடாதுன்னு அந்த ஜூஸ கலந்தாங்க, ரத்த அழுத்த மருந்து ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறிப்போச்சு. பழம் குடல்ல மருந்த செதைக்குற நொதிய முடக்குது, அது ஒரு நாளுக்கு மேலயும் நிக்கும், அதனால காலையில பழம் ராத்திரி மாத்திரைன்னு பிரிச்சாலும் சரிப்படாது.

மோல்மீன் அக்கா:
அண்ணே, எனக்கு இது தெரியாது. தம்பி, நான் சொன்னத விட்டுடு, அம்மாவ கூட்டிட்டுப் போ. என்ன ஆச்சுன்னு எழுது.

ரங்கூன் பையன்:
இப்பதான் வந்தோம். ஐஎன்ஆர் 6.4. சயா ரெண்டு நாள் வார்ஃபரின் வேண்டாம்னாரு, நாளன்னைக்கு காலையில மறுபடி டெஸ்ட். பல்லு வலிக்கு இப்போதைக்கு பாரசிட்டமால் மட்டும், அதுவும் அவர் எழுதுன அளவு. லப்பெட் எப்பவும் சாப்பிடுற அளவே சாப்பிடலாமாம், அதக் கேட்டதும்தான் அம்மா முகத்துல சிரிப்பு வந்துச்சு. வார்ஃபரின் சாப்பிடுறாங்கன்னு பர்மீஸ்லயும் தமிழ்லயும் ஒரு சீட்டு எழுதி அம்மாவோட பர்ஸுல வச்சிருக்கேன். அண்ணே, நீங்க அந்தப் பொட்டலத்த பத்தி கேக்கலன்னா நான் இன்னைக்கு ராத்திரியும் குடுத்திருப்பேன்.