அம்மா அப்பாவை அழைத்து வர 1,62,000 சேஸ் புள்ளிகள்: போர்ட்டலில் எடுப்பதா, மைலாக மாற்றுவதா?

ஓசூர்க்காரன்:

வணக்கம். டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். மனைவிக்கு ஏப்ரலில் பிரசவம். அதற்கு முன்னால், மார்ச் நடுவில் அம்மா அப்பாவை அழைத்து வர வேண்டும். ஊர் ஓசூர் என்பதால் சென்னையைவிட பெங்களூரு விமான நிலையம்தான் வசதி. அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. காலை மடக்கியபடி ஒரே இடத்தில் பத்து மணி நேரம் உட்கார முடியாது.

அமெரிக்க வங்கியான சேஸின் சஃபையர் ப்ரிஃபர்ட் கிரெடிட் கார்டு என்னிடம் இருக்கிறது, அதில் 1,24,000 புள்ளிகள் இருக்கின்றன. போன வருடக் கடைசியில் எடுத்த கார்டு. சேர்ந்தபோது கொடுத்த போனஸும் வீடு மாறிய செலவும் சேர்ந்து வந்தவை. மனைவியிடம் இருக்கும் இன்னொரு சேஸ் கார்டான ஃப்ரீடம் அன்லிமிடெட்டில் 38,000. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறோம், வட்டி கட்டியதே இல்லை.

சேஸ் போர்ட்டலில் (புள்ளியைக் கொடுத்து டிக்கெட் எடுக்கும் அவர்களுடைய இணையதளம்) ஏர் பிரான்ஸ், பாரிஸ் வழியாக டல்லாஸ், எகானமி ஒருவழி, ஒருவருக்கு 780 டாலர். இருவருக்கும் சேர்த்து 1,56,000 புள்ளிகள் கேட்கிறது. இத்தனையும் கொடுத்து அப்பாவை எகானமியில் உட்கார வைக்க மனம் வரவில்லை. புள்ளிகளை மைலாக, அதாவது விமான நிறுவனம் தன் டிக்கெட்டுக்கு ஏற்கும் சொந்தப் புள்ளியாக, மாற்றினால் நல்லது என்று அலுவலக நண்பர் சொன்னார். அப்பா பெயரில் ஒரு விமான நிறுவனத்தில் மைல் கணக்கு திறந்து, அதைச் சேஸில் இணைக்கப் பார்த்தேன். மூன்று முறையும் பிழை என்றே வந்தது. எங்கே தவறு செய்கிறேன்?

பயணப்பை:

நண்பரே, முதலில் அந்தப் பிழை. சேஸ் புள்ளிகளை உங்கள் சொந்த மைல் கணக்குக்கு மாற்றலாம். இல்லையென்றால், உங்கள் கார்டில் கூடுதல் பயனராகச் சேர்க்கப்பட்டு உங்கள் வீட்டிலேயே இருப்பவரின் கணக்குக்கு மாற்றலாம். ஓசூரில் இருக்கும் அப்பாவின் கணக்குக்குப் போகவே போகாது. ஆனால் அதற்குத் தேவையும் இல்லை. உங்கள் பெயரில் ஃப்ளையிங் ப்ளூ கணக்கு திறங்கள். அதுதான் ஏர் பிரான்ஸ், கேஎல்எம் இரண்டுக்கும் பொதுவான மைல் திட்டம். உங்கள் மைலை வைத்து யாருக்கு வேண்டுமானாலும் டிக்கெட் எடுக்கலாம்.

கணக்கில் பெயரைக் கார்டில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள். நம் ஆட்களுக்கு வழக்கமாக இடறுவது இங்கேதான். கார்டில் நம் பெயரோடு அப்பா பெயர் முழுதாக இருக்கும், மைல் கணக்கில் அதன் இனிஷியல் மட்டும் இருக்கும். இரண்டும் பொருந்தாமல் மாற்றம் நின்றுவிடும்.

அப்புறம், ஃப்ரீடம் கார்டில் இருக்கும் புள்ளிகளை அப்படியே மைலாக்க முடியாது. மனைவி தன் 38,000-ஐ உங்கள் சஃபையருக்கு அனுப்பட்டும். ஒரே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்ப சேஸ் அனுமதிக்கிறது. சஃபையருக்கு வந்த பிறகு எல்லாம் ஒரே குவியல், ஒன்றுக்கு ஒன்று மைலாகும்.

ஓசூர்க்காரன்:

மிக்க நன்றி. என் பெயரில் கணக்கு திறந்துவிட்டேன். இன்னும் எதையும் மாற்றவில்லை. அதே நாள், அதே விமானம், ஒருவருக்கு இப்படிக் காட்டுகிறது: எகானமி 41,000 மைல், 170 டாலர். பிரீமியம் எகானமி 64,000 மைல், 250 டாலர். பிசினஸ் 92,000 மைல், 300 டாலர். காசு கொடுத்து வாங்கினால் பிரீமியம் எகானமி 1,350 டாலர், பிசினஸ் 3,300 டாலர். பிசினஸ்தான் பெரிய லாபம் என்று தோன்றுகிறது. ஆனால் இருவருக்கு 1,84,000 வேண்டும், 22,000 குறைகிறது. மாற்றும்போது கூடுதல் மைல் தரும் போனஸ் சலுகை வரும்வரை காத்திருக்கவா?

கண்மணி:

தம்பி, ஒரு புள்ளிக்கு எத்தனை சென்ட் கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். காசு விலையிலிருந்து கையிலிருந்து கட்டும் வரியையும் கட்டணத்தையும் கழித்து, மைலால் வகுக்க வேண்டும். எகானமியில் இருவருக்கும் 1,560-இல் 340 போக 1,220 டாலர். அதை 82,000-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.5 சென்ட். பிரீமியம் எகானமியில் 2,700-இல் 500 போக 2,200. 1,28,000-ஆல் வகுத்தால் 1.7 சென்ட். பிசினஸ் 3.3 சென்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. போர்ட்டலில் உங்களுக்குக் கிடைப்பது 1 சென்ட்தான். அதே எகானமி இருக்கைக்குப் போர்ட்டல் 1,56,000 கேட்கிறது, மைலாக மாற்றினால் 82,000-உம் 340 டாலரும். இதைப் பார்த்த பிறகு போர்ட்டல் பக்கம் போகவே வேண்டாம்.

ஆனால் அந்த 3.3 சென்ட்டை அப்படியே நம்பாதீர்கள். கையில் புள்ளியே இல்லையென்றால் 6,600 டாலர் கொடுத்து இரண்டு பிசினஸ் டிக்கெட் வாங்கியிருப்பீர்களா? நான் வாங்கியிருக்க மாட்டேன். அப்பாவின் முழங்காலுக்காகப் பிரீமியம் எகானமி வாங்கியிருப்பேன், 2,700 டாலர். அப்படியானால் பிசினஸ் எடுப்பதால் உங்களுக்கு உண்மையில் மிச்சமாவது 2,700-இல் 600 போக 2,100 டாலர். அதற்கு 1,84,000 மைல் கொடுத்தால் புள்ளிக்கு 1.1 சென்ட்தான் தேறுகிறது. என் கணக்கில் உங்களுக்கு நல்ல விலை பிரீமியம் எகானமி. கால் நீட்ட இடமும் கிடைக்கும், 34,000 புள்ளி கையிலும் நிற்கும்.

கொங்குநாடன்:

கண்மணி அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருக்கையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதீர்கள். மாற்றினால் மாற்றியதுதான், திரும்ப வங்கிக்கு வராது. இரண்டு வருடம் முன்பு நான் 90,000 புள்ளிகளை ஒரு திட்டத்துக்கு மாற்றினேன். அங்கே போய்ச் சேர இரண்டு நாளாயிற்று. அதற்குள் நான் பார்த்து வைத்திருந்த இருக்கை போய்விட்டது. தங்கை கல்யாணத்துக்குக் கடைசியில் காசு கொடுத்தே ஊருக்குப் போனேன். அந்த மைல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சேஸிலிருந்து ஃப்ளையிங் ப்ளூவுக்குப் பொதுவாக உடனே போய்விடும், அந்த வகையில் உங்களுக்கு நல்லது. தேடும்போது பயணிகள் இருவர் என்று போட்டுத் தேடுங்கள். ஒருவர் என்று தேடினால் ஒற்றை இருக்கையின் விலையைக் காட்டும், இரண்டாவது இருக்கை வேறு விலையில் இருக்கலாம். டிக்கெட் பதிவின் கடைசிப் பக்கம்வரை போய், மைல் போதவில்லை என்று அது சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டு, அப்புறம் மாற்றுங்கள். ஆயிரம் ஆயிரமாகத்தான் மாற்ற முடியும், 1,28,000 சரியாக வரும்.

பயணப்பை:

போனஸுக்குக் காத்திருப்பதைப் பற்றி. 20, 25 விழுக்காடு கூடுதல் மைல் தரும் சலுகைகள் ஃப்ளையிங் ப்ளூவுக்கு அவ்வப்போது வருவது உண்மைதான். 25 விழுக்காடு கிடைத்தால் 1,48,000 புள்ளியிலேயே இரண்டு பிசினஸ் முடிந்துவிடும். ஆனால் சேஸ் எப்போது தரும் என்று யாருக்கும் தெரியாது, இந்த மைல் விலையும் நாளுக்கு நாள் மாறும். சுற்றுலா என்றால் காத்திருக்கச் சொல்வேன். பிரசவத்துக்கு வரும் அம்மாவுக்குத் தேதிதான் முக்கியம்.

ஓசூர்க்காரன்:

எடுத்துவிட்டேன்! நேற்று இரவு பிரீமியம் எகானமி, இரண்டு இருக்கை, அதே 64,000. மாற்றிய சில நொடிகளில் மைல் கணக்கில் வந்தது. இரண்டு சந்தேகம். பாரிஸில் மாறுவதற்குத் தனி விசா வேண்டுமா? அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலி, அதனால் அமெரிக்க விசாவில் அவர் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கிறது. டிக்கெட்டில் விசாவில் உள்ளபடி போட்டேன். சரியா?

கண்மணி:

வாழ்த்துகள் தம்பி. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பதால், வெளியே வராமல் பாரிஸில் விமானம் மாற இருவருக்கும் தனி விசா வேண்டாம். பெயர் விஷயத்தை மட்டும் இன்றே விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். செக்-இன் கவுன்டரில் அம்மா தனியாக நின்று விளக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

அதே அழைப்பில் இருவருக்கும் சக்கர நாற்காலி கேளுங்கள். 48 மணி நேரம் முன்பாவது சொல்லியிருக்க வேண்டும். பாரிஸில் 2இ முனையம் மிகப் பெரியது, அதற்குள்ளேயே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போக வேண்டிவரும். நாற்காலி இருந்தால் கூடவே ஓர் ஆளும் வருவார், வழி கேட்கும் கவலை இருக்காது. சைவ உணவு வேண்டுமென்றால் ஆசிய சைவம் என்று சொல்லுங்கள். வெறும் சைவம் என்றால் வேகவைத்த காய்தான் வரும், என் மாமியார் பட்டினியாக வந்து இறங்கினார்.

ஓசூர்க்காரன்:

பேசிவிட்டேன் அக்கா. பெயர் சரியாக இருக்கிறதாம். நாற்காலி இரண்டு, ஆசிய சைவம் இரண்டு, எல்லாம் பதிவாகிவிட்டது. அப்பாவுக்கு நடைபாதை ஓர இருக்கை, பக்கத்தில் அம்மா. கொங்குநாடன், பயணப்பை, உங்களுக்கும் நன்றி. மிச்சம் இருக்கும் 34,000 புள்ளிகளைச் சேஸிலேயே விட்டு வைத்திருக்கிறேன். அவர்கள் செப்டம்பரில் திரும்பிப் போகும் டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேர வேண்டும்.