கஞ்சா வழக்கில் குறைந்த குற்றமும் முயற்சியும்: தீர்ப்புகள் தேவை

மூத்த வழக்கறிஞர்களுக்கு வணக்கம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20(ஆ)(ii)(இ) பிரிவில் (வணிக அளவு, அதாவது 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா) குற்றச்சாட்டு வனையப்பட்ட ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வாதத்தைத் தயாரித்து வருகிறேன். மகஜரில் (கைப்பற்றியபோது எழுதிய பதிவில்) எடை 21 கிலோ. ஆனால் காம்பு, விதை, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் சாக்கோடு சேர்த்தே நிறுத்திருக்கிறார்கள். பூக்கும், காய்க்கும் நுனிகள்தான் கஞ்சா என்றும், நுனிகளோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா என்றும் சட்டமே வரையறுப்பதால், எடை 20 கிலோவுக்குள் வந்துவிட்டால் பத்தாண்டு குறைந்தபட்சத் தண்டனையும் 37-ஆம் பிரிவின் பிணைத் தடையும் பொருந்தாமல் போகும். ஓர் இளைஞனின் வாழ்க்கை அந்தச் சாக்கின் எடையில் நிற்கிறது.

வணிக அளவு மெய்ப்பிக்கப்படாதபோது, குற்றச்சாட்டைத் திருத்தாமலே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 222-ஆம் பிரிவின்படி (சாட்டிய குற்றத்தில் அடங்கிய குறைந்த குற்றத்துக்குத் தண்டிக்க இடம்தரும் பிரிவு; இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 245) சிறிய அளவுக்கும் வணிக அளவுக்கும் இடைப்பட்ட அளவுக்குத் தண்டித்த உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருந்தால் தெரிவியுங்கள்.

இன்னொன்று: ரயில் பார்சல் அலுவலகத்தில் மூட்டையைப் பெறும் முன்பே அந்த இளைஞர் பிடிபட்டதால், உடைமை இல்லை, முயற்சி மட்டுமே என்று வாதிடலாம், ஆயினும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு முயற்சிக்கும் முழுக் குற்றத்துக்குரிய தண்டனையையே விதிப்பதால், அவ்வாதம் எங்களுக்கே பாதகமாகுமோ என்று அஞ்சுகிறேன். இத்தகைய வழக்கை நடத்தியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.