மூன்றரை வயது மகன், இன்னும் பேச்சு வரவில்லை. சுங்கை சிப்புட்டில் எங்கே போய்த் தொடங்குவது?

மீனு_சிப்புட் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். முன்பு பால்மரத் தோட்டம், இப்போது திரும்பிய இடமெல்லாம் செம்பனை. கணவர் லோரி ஓட்டுகிறார். மகனுக்கு மூன்றரை வயது. ஏ பி சி டி முழுக்கச் சொல்வான், போனில் வரும் இங்கிலீஷ் பாட்டை அட்சரம் பிசகாமல் பாடுவான், ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணி" என்று ஒரு வார்த்தை வராது. என் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், என் கையைத் தூக்கி ஜக் மேல் வைப்பான். என் முகத்தைப் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். "மைலோ வேணுமா?" என்று கேட்டால் அவனும் "மைலோ வேணுமா?" என்பான், அதுதான் அவனுடைய "ஆமாம்".

மாமியார் வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் மரங்கள் நாலைந்து மிச்சம் இருக்கின்றன. அங்கே பொறுக்கிய கொட்டைகளை வாசல் சிமெண்டில் வரிசையாக அடுக்குவான், ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் அரை மணி நேரம் அழுகை. கோயில் திருவிழாவில் உறுமி தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போனவன்தான், வெளியே எடுக்கவே முடியவில்லை.

மாமியார், "அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாய் திறந்தான்" என்கிறார். பாலர் பள்ளியில் சேர்த்த மூன்றாவது வாரமே "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள், அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

முதலில் கிளினிக்கா, பெரிய ஆஸ்பத்திரியா, பள்ளிக்கூடமா? ஓகேயு கார்டு, அதுதான் அரசாங்கத்தின் மாற்றுத்திறனாளி அட்டை, எடுத்தால் ஆயுசுக்கும் முத்திரை விழுந்துவிடும் என்று கணவர் பயப்படுகிறார். எனக்கு மலாயும் சுமார்தான்.

கவியின்_அம்மா எழுதியது:

தங்கச்சி, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள், கடிதம் கேட்பார்கள். தடுப்பூசி போட்ட அதே அரசாங்கக் கிளினிக்கில், தாய்சேய் பிரிவில் தொடங்குங்கள். பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் இருக்கிறதல்லவா, அதில் 18 மாதத்திலும் 3 வயதிலும் எம்-சேட் என்று ஆட்டிசத்துக்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் ஆமாம்-இல்லை கேள்விகள் வரும், செய்திருக்கிறார்களா என்று புரட்டிப் பாருங்கள். செய்யவில்லை என்றாலும் கவலை வேண்டாம். அது வெறும் சல்லடைதான். அதில் மாட்டினால் ஆட்டிசம் என்று அர்த்தம் இல்லை, தப்பினால் ஒன்றும் இல்லை என்றும் அர்த்தம் இல்லை.

நர்ஸ் மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ "பேச்சு வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஆறு மாதம் பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். ஜக் மேல் கையை வைக்கிறான் என்று இங்கே எழுதினீர்களே, அதை அப்படியே சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததையும் சேர்த்து. கிளினிக்கில் இவன் வீட்டில் இருப்பது போல் இருக்க மாட்டான்.

கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்தால் குழந்தை நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்குப் போகவேண்டியிருக்கும். கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரிடம் ஐந்து வெள்ளி, காசு பெரிய விஷயம் இல்லை, தேதி கிடைப்பதுதான் விஷயம். அதனால்தான் இன்றைக்கே தொடங்குங்கள் என்கிறேன். ஆட்டிசமா என்று கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று ஒன்றும் கிடையாது. பிள்ளை விளையாடுவதைப் பார்ப்பார்கள், உங்களிடம் நிறைய கேட்பார்கள், எப்போது நடந்தான், எப்போது கை காட்டினான் என்று. பேச்சுத் தெராப்பி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெராப்பி இரண்டுக்கும் அங்கிருந்துதான் எழுதிக் கொடுப்பார்கள். காதையும் சோதிக்கச் சொல்வார்கள். என் மகள் பாட்டுப் பாடுகிறாளே, காது நல்லாத்தானே இருக்கும் என்று நானும் வாதாடினேன். காதுக்குள் நீர் கட்டியிருந்தால் சில சத்தம் கேட்கும், சில சத்தம் மங்கும், அதனால் அதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. என் மகளுக்குச் சோதனை நடந்தது மலாயில். மேசையில் பந்து, கிண்ணம், கரண்டி எல்லாம் வைத்து, சோதித்த பெண் "சூடு மானா?" என்று கேட்டார். மலாயில் சூடு என்றால் கரண்டி, மானா என்றால் எங்கே. என் மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்து ஊதினாள்! கரண்டி தெரியாது என்று குறிக்கப் போனார், நான்தான் குறுக்கே விழுந்து தமிழில் சூடு என்றால் என்ன என்று விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு நீங்களே தமிழில் கேளுங்கள் என்றார். கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள். ஆகவே வீட்டில் பேசுவது தமிழ் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்ளவும் சொல்லுங்கள். தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று சொந்தக்காரர் யாராவது ஆரம்பித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது.

செம்பனைக்_காடு எழுதியது:

இத்தனை பயம் எதற்கு? எங்கள் அண்ணன் மகனும் நாலு வயதில்தான் பேசினான், இப்போது வாயை மூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. போனைப் பிடுங்கி வையுங்கள், பிள்ளைகளோடு விளையாட விடுங்கள், தானாக வரும்.

பள்ளி_மணி எழுதியது:

செம்பனை அண்ணே, போனைக் குறைக்கச் சொன்னது சரி. ஆனால் தாமதமாகப் பேசும் பிள்ளை பேசாவிட்டாலும் கையால் காட்டும், முகத்தைப் பார்க்கும், "அங்க பாரு" என்று உங்களையும் சேர்த்துக்கொள்ளும். மீனு சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. அது என்ன என்று நான் சொல்ல முடியாது, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும். பார்த்து ஒன்றும் இல்லை என்றால் ஒரு நாள் சம்பளம் போகும், அவ்வளவுதானே.

நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியை. மீனு, ஆஸ்பத்திரி வழி வேறு, பள்ளிக்கூட வழி வேறு. பிள்ளைக்கு என்ன என்பதை டாக்டர் எழுதுவார், எந்த வகுப்பு என்பதை கல்வி இலாகா முடிவு செய்யும். 2013 சிறப்புக் கல்வி விதிமுறைப்படி பிள்ளையை மூன்று மாதம் வரை வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை உறுதி செய்வார்கள். 2019 முதல் எந்தச் சிறப்புப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையும் அரசாங்கப் பள்ளிகளில் இருக்கிறது. ஆனால் எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் சிறப்பு வகுப்பு இல்லை. உங்கள் பக்கம் எங்கே இருக்கிறது என்று மாவட்டக் கல்வி இலாகாவில் இப்போதே கேட்டு வையுங்கள். ஒன்றாம் ஆண்டு முதல் நாளில் கையில் ஒரு தாளும் இல்லாமல், அழும் பிள்ளையோடு வந்து நிற்கும் பெற்றோரை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

கார்டு கட்டாயம் இல்லை, 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி நாமாக விரும்பிப் பதிவதுதான். பாரத்தில் ஒரு பகுதியை டாக்டர் எழுதுவார், அதை சமூகநல இலாகாவில் கொடுக்க வேண்டும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா எல்லாம் கற்றல் பிரச்சினை என்ற ஒரே பிரிவில்தான் வரும். கார்டு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், பிடிகே என்ற சமூக மறுவாழ்வு நிலையத்தில் சேர்க்கலாம், பிறகு சிறப்பு வகுப்பில் சேர்ந்தால் மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. முத்திரை பற்றி உங்கள் கணவருக்கு ஒன்று சொல்லுங்கள்: பாலர் பள்ளியில் மூன்றே வாரத்தில் ஒரு முத்திரை குத்தி அனுப்பியாயிற்று, அதில் டாக்டர் கையெழுத்துகூட இல்லை.

மீனு_சிப்புட் எழுதியது:

அக்கா, டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 3 வயதுப் பக்கம் காலி. 18 மாதப் பக்கத்தில் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று குறித்திருக்கிறது, அதைச் சொன்னது நான்தான். மிஸ்ஸி மலாயில் கேட்டுக்கொண்டே போனார், பின்னால் வரிசை, இவன் இடுப்பில் அழுகிறான், பாதி புரியாமல் எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினேன். நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

ராத்திரி ஜக் வீடியோவைக் கணவரிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் "செவ்வாய்க்கிழமை லோரி இல்லை, நானும் வரேன்" என்றார். அக்கா, கையைப் பிடித்து இழுக்கிறான் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? இந்த முறை யா யா என்று நிற்க மாட்டேன்.

கவியின்_அம்மா எழுதியது:

"தியா தாரிக் தாங்ஙான் சாயா" என்று தொடங்கி, வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள், மீதியை அது சொல்லும். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. காலையில் சீக்கிரம் போய் நம்பர் எடுங்கள், மாற்றுச் சட்டை ஒன்று, மைலோ ஒரு போத்தல். ரப்பர் கொட்டையும் ஒரு பிடி பையில் போட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும்போது அடுக்கட்டும், டாக்டர் கூப்பிட்டால் எடுத்து வைக்காதீர்கள், அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.