நாலாவது டாக்டரை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

பர்மிங்காம்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். 'டாக்டர் ஹூ' பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர். நீலப் பெட்டி ஒன்றில் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் வேற்றுலகவாசிதான் அதில் வரும் 'டாக்டர்'. நடிகர்கள் மாறி மாறி நடிக்கும் அந்த வேடத்தில் நாலாமவர் டாம் பேக்கர். அவர் காலம் 1974 டிசம்பர் 28-இல் தொடங்கி 1981 மார்ச் 21-இல் முடிந்தது. அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் அந்த வேடத்தைப் போட்டிருக்கிறார்கள். ஏழு சீசன் யாரும் தாக்குப்பிடிக்கவில்லை.

அப்பா இங்கே ஒரு மருத்துவமனையில் டாக்டர். குவார்ட்டர்ஸில் இருந்தோம், எனக்கு எட்டு வயது, ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கால்பந்து முடிவெல்லாம் வாசித்து முடித்ததும் பிபிசியில் அந்த நீலப் பெட்டி வரும். உள்ளேயிருந்து சுருட்டை முடியும் முட்டைக் கண்ணும் வாய் நிறையப் பல்லுமாக ஒரு நெட்டை மனிதர் இறங்குவார். கழுத்தில் சுற்றியது போக மிச்சம் தரையில் இழுபடும் மஃப்ளர்.

பாட்டி கேட்டார், "இவன் எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?"

"இவனை எந்த ஆஸ்பத்திரியும் சேர்த்துக்காதும்மா" என்றார் அப்பா.

அப்பா சொன்னதில் பாதி உண்மை. டாம் பேக்கர் இளம் வயதில் சில வருடம் கிறிஸ்தவ மடத்தில் துறவி, பிறகு ராணுவம், கப்பல் வேலை. இந்த வாய்ப்பு வந்தபோது கட்டட வேலையில் சித்தாளாக இருந்தார். அந்த மஃப்ளரும் திட்டமிட்டு வந்ததில்லை. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன், பெகோனியா போப் என்ற பெண்மணியிடம் கலர் கலராக நூல்கண்டுகளைக் கொடுத்திருக்கிறார். எவ்வளவு பின்ன வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் கொடுத்த நூல் தீரும்வரை பின்னிவிட்டார்! எனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுது அம்மாவைப் பின்ன வைத்தேன். ஆறடி வந்ததும் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

பயந்ததென்றால் 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' கதைக்குத்தான். விண்வெளி நிலையத் தலைவனின் கை கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சியின் கையாக மாறும், பச்சையாக, கொப்புளம் கொப்புளமாக. ஒரு வாரம் போர்வைக்கு வெளியே கையை நீட்டவில்லை. சில வருடம் கழித்து வீட்டுக்கு வந்த கண்ணாடிச் சாமான் பார்சலைப் பிரித்தால், அதே கொப்புளம்! பார்சல் சுற்றும் குமிழ் பிளாஸ்டிக்குக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 1975-இல் அதை வீடுகளில் யாரும் பார்த்திருக்கவில்லை, அதனால் தப்பித்தார்கள்.

இப்போது உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

லெஸ்டர்

எங்கள் வீட்டில் 1976 நவம்பரோடு தடை. 'தி டெட்லி அசாசின்' கதையின் மூன்றாம் பகுதி. டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்குகிறார்கள், படம் அப்படியே உறைந்து நிற்கிறது, முடிவு இசை. தம்பி அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். டிவியில் ஒழுக்கம் வேண்டும் என்று போராடிய மேரி வைட்ஹவுஸ் அம்மையார் பிபிசிமேல் புகார் செய்து, அவர்களும் மன்னிப்புக் கேட்டு, அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். அந்த அம்மையாரின் மற்ற புகார்கள் எதற்கும் எனக்கு உடன்பாடில்லை. தம்பி விஷயத்தில் மட்டும் அவர் பக்கம்.

டொராண்டோ

நாங்கள் திருச்சியிலிருந்து இங்கே வந்தது 1979 இலையுதிர் காலம். டிவிஒன்டாரியோ அரசின் கல்விச் சேனல் என்பதால் அப்பா அதை மட்டும் தாராளமாக அனுமதிப்பார். கல்விச் சேனலில் இந்தக் கூத்து எப்படி வந்தது என்றால், கதை முடிந்ததும் ஜூடித் மெரில் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் வந்து உட்கார்ந்து, இப்போது பார்த்தது சரியா, தப்பா, இதில் அறிவியல் எவ்வளவு என்று இரண்டு நிமிடம் பேசுவார். இங்கிலீஷ் கேட்டுக் கேட்டுப் பழகியது அவரிடம்தான். டாக்டரின் வேகம் எனக்குப் பிடிபடவே ஒரு வருடம் ஆனது.

ஆனால் ஒன்று சீக்கிரமே பிடிபட்டது. எங்கே போனாலும் அவர் வெளியூர்க்காரர். அடையாளச் சீட்டு கிடையாது, யாருக்கும் அவரைத் தெரியாது, துப்பாக்கியை நீட்டுகிறார்கள். அவரோ பையிலிருந்து ஜெல்லி மிட்டாயை எடுத்து, "ஒன்று வேணுமா?" என்கிறார். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவே கூசிய பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். மறுநாள் நானும் ஒரு பொட்டலம் மிட்டாயோடு போனேன். பலித்தது என்று சொல்ல ஆசைதான். மிட்டாய் காலியானதும் பயல்களும் காலி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 'தி டேலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்' கதையை 1980-இல் எங்கள் சேனல் போடவில்லை. சீன மந்திரவாதியாக வெள்ளைக்கார நடிகர் ஒருவர் கண்ணுக்கு ஒப்பனை போட்டு நடித்ததும், சீனர்களைக் காட்டிய விதமும் காரணம். இங்குள்ள சீனச் சமூகத்தினர் எதிர்த்தார்கள். வளர்ந்த பிறகு பார்த்தேன். வசனம் ராபர்ட் ஹோம்ஸ், வரிக்கு வரி ரசிக்கலாம். ஆனாலும் என் வகுப்பில் இருந்த சீன நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்து அதைப் பார்க்க என்னால் முடியாது.

ஈஸ்ட் ஹாம்

டொராண்டோ அண்ணா சொன்ன "வெளியூர்க்காரன்" எனக்கும் பொருந்தும். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து 1990-இல வந்தனான், அப்ப பதின்மூண்டு வயசு. டாம் பேக்கர் விட்டுப்போய் ஒன்பது வருசம். எனக்கு அவர் வந்தது லைப்ரரி வீடியோ கசட்டில. 'ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்', 1975-இல எடுத்தது.

முதல் காட்சியே பதுங்குகுழி, புகை, முகமூடி போட்ட ஆமிக்காரர். ஆயிரம் வருசமா ரெண்டு சனம் அடிபடுது. தொடங்கேக்க நவீன ஆயுதம் இருந்திருக்கு, இப்ப ஆளுக்கொரு பழைய துவக்கு. கட்டளை குடுக்கிறவன் மீசை முளைக்காத பெடியன். டாவ்ரோஸ் எண்ட விஞ்ஞானி நிலத்துக்குக் கீழ பங்கருக்குள்ள இருந்து டாலெக்கைச் செய்யிறான், இரும்புக் கூட்டுக்குள்ள இருந்து ஆக்களைக் கொல்லுற ஜந்து அது. எங்கட வளவுக்குள்ளயும் பங்கர் வெட்டி, மேல பனங்குத்தி அடுக்கி இருந்தது. விண்வெளிக் கதை எண்டு எடுத்துக்கொண்டு வந்த நான் பேசாம இருந்து பாத்தன்.

பிறகு அந்தக் காட்சி. டாக்டரின்ர கையில ரெண்டு வயர். தொட்டால் டாலெக் குஞ்சுகள் எல்லாம் பிறக்கமுன்னமே முடிஞ்சுது. அவர் தொடமாட்டார். எனக்கு இந்த உரிமை இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டு நிப்பார். எனக்குக் கோவம் வந்திட்டுது, "தொடு, தொடு" எண்டு கத்தினன். பின்னால நிண்டு பாத்துக்கொண்டிருந்த அப்பா ஒண்டும் சொல்லேல்லை. எழும்பிப் போய் பல்கனியில கனநேரம் நிண்டவர்.

கடைசியில அந்த வயரை இணைக்கிறது, மேல உருண்டு வாற ஒரு டாலெக்தான். அதை அப்பா பாக்கேல்லை.

ரெடிங்

மேலே படித்துவிட்டு இதைச் சொல்லவே ஒரு மாதிரி இருக்கிறது, இது சிரிப்புக் கதை. நான் தொடரையே பார்த்ததில்லை. 2006-இல் பிரிட்டிஷ் டெலிகாம் தொலைபேசிக்காரர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். வீட்டு லேண்ட்லைனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், போன் அடித்து டாம் பேக்கரின் குரல் அதை வாசிக்கும். அவர் பதிவு செய்து கொடுத்த ஒலிகளைக் கம்ப்யூட்டர் கோத்துப் பேசும்.

எங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்பினார். "சாம்பார் வைக்காதே, வெளியே சாப்பிட்டாச்சு." போனை எடுத்தால் ராஜகம்பீரமான கிழக்குரல் ஒன்று ஏதோ மந்திரம் மாதிரி உச்சரிக்கிறது. "சாம்" மட்டும் தெளிவாகக் கேட்டது. சாம் என்று யாரோ செத்துப்போய்விட்டான் என்றே நினைத்துவிட்டேன். சாம்பாரும் வைத்துவிட்டேன்.

பாரிஸ், லா ஷாப்பெல்

நான் புதுச்சேரி. மாரே பகுதியில் ஓர் உணவகத்தில் பல வருடம் வேலை. வியே துய் தாம்ப்ள் தெருவில் ஒரு பழைய மாளிகை வாசலில் இங்கிலீஷ்காரர்கள் வந்து நிற்பார்கள். வேறெதையும் பார்க்க மாட்டார்கள், கதவைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒருநாள் மஃப்ளர் போட்ட ஒருவரிடம் கேட்டேவிட்டேன். 1979 மே மாதம் 'சிட்டி ஆஃப் டெத்' கதைக்கு இங்கேதான் படம் பிடித்தார்களாம். தொடரின் முதல் வெளிநாட்டுப் படப்பிடிப்பு. காசைக் கொட்டி இவ்வளவு தூரம் வந்ததால் பாதி நேரம் டாக்டரும் அவர் தோழி ரொமானாவும் பாரிஸ் தெருக்களில் ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு பார்த்தேன். மோனாலிசா ஓவியம் ஆறு பிரதி வருகிறது. டாவின்சி வரைவதற்கு முன்னாலேயே பலகையில் "இது போலி" என்று பேனாவால் எழுதி வைத்துவிடுகிறார் டாக்டர். கதையை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸின் குறும்பு அது. போட்டிச் சேனல் ஐடிவி வேலைநிறுத்தத்தில் இருந்ததால் கடைசிப் பகுதியை ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் பார்த்தார்களாம். வேறு சேனல் இருந்திருந்தாலும் நான் இதைத்தான் பார்த்திருப்பேன்.

லெஸ்டர்

அந்தக் காலகட்டத்தில்தான் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பேன். டாக்டரும் விளையாட்டு, வில்லனும் விளையாட்டு. கே-9 இயந்திர நாய் வேறு. வாசற்படி வந்தால் தாண்டாது, புல்தரையில் ஓடாது. அதோடு ஒரே சட்டகத்தில் வர டாம் பேக்கர் மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி தேய்ந்திருக்கும். கடைசி வருடம் தயாரிப்பாளர் மாறினார், சிரிப்பைக் குறைத்து, பல வண்ண மஃப்ளரைக் கருஞ்சிவப்பாக்கிவிட்டார்கள். எனக்கு அந்தச் சோகையான டாக்டர்தான் பிடிக்கும். யாரும் அடிக்க வராதீர்கள்.

பர்மிங்காம்

அடிக்கத்தான் வருகிறேன் தம்பி, கே-9-ஐத் தொடாதே.

2013 நவம்பர் 23, ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். கடைசியில் அப்போதைய டாக்டர் மேட் ஸ்மித் தனியாக ஓவியத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல். முகம் வரவில்லை, குரல்தான். தியேட்டர் முழுக்கக் கிழவர் கிழவிகள் மூச்சை இழுத்தது கேட்டது. தடியூன்றி வந்தார் டாம் பேக்கர், எழுபத்தொன்பது வயது. பக்கத்தில் இருந்த என் மகள், "யாரும்மா இவர்?" என்றாள். "எந்த ஆஸ்பத்திரியும் சேர்த்துக்காத டாக்டர்" என்றேன்.

மஃப்ளர் என்ன ஆயிற்று என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். அந்த ஆறடி இன்னும் இருக்கிறது. குளிர்காலத்தில் பின்வாசல் கதவின் அடியிடுக்கில் சுருட்டி வைக்கிறோம். அளவு கச்சிதமாக இருக்கிறது.