கோஷியென் மேட்ச்சுக்கு மூன்று டிக்கெட்: ஜப்பான் ஃபோன் நம்பர் இல்லாமல் எப்படி?

வணக்கம். செவ்வாய்க்கிழமை அப்பா அம்மாவோடு ஒசாகா வந்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு நிஷினோமியாவில், கோஷியென் மைதானத்தில், ஹன்ஷின் டைகர்ஸ் – யோமியுரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் மேட்ச். டிக்கெட் வாங்க முடியவில்லை. ஞாயிறு காலை ஊருக்கு விமானம்.

ஆன்லைனில் சீட் காலியாகக் காட்டுகிறது, ஆனால் எஸ்எம்எஸ் சரிபார்ப்புக்கு ஜப்பான் எண்தான் வேண்டும் என்கிறது. என் இந்திய எண்ணை ஏற்கவில்லை. இங்கே வாங்கிய டூரிஸ்ட் சிம்மில் டேட்டா மட்டும்தான், எஸ்எம்எஸ் வராது. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் இருக்கும் டிக்கெட் மெஷினில் மொபைல் டிரான்ஸ்லேட்டரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போராடினேன்; கடைசி திரையில் அதுவும் ஃபோன் நம்பர் கேட்டது. ஹோட்டல் ரிசப்ஷனில், விருந்தினருக்காகத் தங்கள் எண்ணைத் தர அனுமதியில்லை என்று பணிவாக மறுத்துவிட்டார்கள். மறுவிற்பனை தளங்களில் இரண்டு மூன்று மடங்கு விலை. அதிக விலைக்கு டிக்கெட் விற்பதற்கு எதிராக இங்கே 2019-லேயே சட்டம் வந்துவிட்டது, வாசலில் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

அப்பாவுக்கு 68 வயது, மூட்டு வலி. அதனால் இன்ஃபீல்ட் (பந்தை அடிக்கும் இடத்துக்கு அருகே உள்ள பகுதி) பக்கம் கூரை நிழலில், படி அதிகம் ஏறாத இடமாக, மூன்றும் சேர்ந்து வேண்டும். 1924-ல் திறந்த மைதானம் இது. அதன் கறுப்பு மண்ணை நேரில் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜப்பான் ஃபோன் நம்பர் இல்லாத வெளிநாட்டவர் சனிக்கிழமைக்குள் அசல் விலையில் டிக்கெட் வாங்க நீங்கள் செய்து பார்த்த வழி ஏதாவது இருக்கிறதா?